உங்கள் டெம்ப்ளேட்டுக்கு ‘சைஸ் செட்’ போட்டுப் பார்த்தீர்களா?

கேள்வி: அக்கா, நான் சென்னிமலைக்காரன். பி.சி.ஏ. முடித்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா சொசைட்டிக்குத் தறி ஓட்டுகிறார். யூடியூப் பார்த்தே வெப்சைட் செய்வதற்கான எச்.டி.எம்.எல்., தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டேன். நான்கு மாதம் உட்கார்ந்து உணவகங்கள் வாங்கித் தங்கள் பெயரையும் படத்தையும் போட்டுக்கொள்ளும்படியான வெப்சைட் டெம்ப்ளேட் ஒன்று செய்து, வெளிநாட்டுச் சந்தைத் தளம் ஒன்றில் விற்க அனுப்பினேன். ‘எங்கள் தரத்துக்கு வரவில்லை, மறுபடி அனுப்ப வேண்டாம்’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. என்ன குறை என்றுகூடச் சொல்லவில்லை. டெமோ லிங்க் வைத்திருக்கிறேன். இதை வேறு எங்காவது விற்க முடியுமா? என்ன விலை வைப்பது? பணம் எப்படி வரும்? இல்லை, பேசாமல் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடவா? அப்பா தீபாவளி வரை டைம் கொடுத்திருக்கிறார்.

பதில்:

தம்பி,

லிங்கை மூன்று இடத்தில் திறந்து பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில், என் போனில், கடைசியாக அம்மாவின் போனில். முதல் இரண்டிலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. மெனு பக்கத்தில் பண்டத்தின் பெயரிலிருந்து விலை வரைக்கும் ஒரு புள்ளிக்கோடு ஓடுகிறதே, அது எனக்குப் பிடித்தது. அம்மாவின் போன் ஆறு வருடப் பழசு. அதில் முகப்புப் படம் இறங்குவதற்குள், “ஏங் கண்ணு, நெட்டு இல்லையா?” என்று என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு படம் மட்டுமே நான்கு எம்.பி.

முதலில் அந்த ஒரு வரிப் பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தைத் தளங்களில் நிராகரிப்பு இரண்டு விதம். ‘இதையிதைச் சரிசெய்து திரும்ப அனுப்பு’ என்று பட்டியல் போட்டு அனுப்புவது ஒன்று. உங்களுக்கு நடந்ததுபோலக் கதவைச் சாத்திவிடுவது இன்னொன்று. இரண்டாவதில் காரணம் கேட்டு மெயில் போட்டுப் பிரயோசனமில்லை. என் முதல் இரண்டு டெம்ப்ளேட்டுக்கும் இதே மாதிரி ஒரு வரிதான் வந்தது. ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தேன், அப்புறம் சரியாகிவிட்டது.

உங்கள் கோடிங்கில் பெரிய பிழை இல்லை. நீங்கள் செய்திருப்பது ஒரு நல்ல வெப்சைட். டெம்ப்ளேட் என்பது வேறு சாமான். இந்த வித்தியாசம் எனக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புரியவில்லை. என் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருடம் செக்கிங் பார்த்தவர். அங்கே முதலில் ஒரு சாம்பிள் பீஸ் தைப்பார்கள். மீடியம் சைஸ், நல்ல டெய்லர், பக்கத்தில் மாஸ்டர் நின்று பார்த்துத் தைத்த பீஸ். அதில் குறையே இருக்காது. பையர் ஓகே சொன்னாலும் உடனே கட்டிங் போட மாட்டார்கள். ஸ்மால் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஒவ்வொரு சைஸிலும் தைத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் சைஸ் செட். மீடியத்தில் அம்சமாக உட்கார்ந்த கழுத்து, டபுள் எக்ஸ்எல்லில் தோளை விட்டு வழியும். அதைப் பார்த்த பிறகுதான் மாஸ்டர் பேட்டர்னைத் திருத்துவார்.

உங்கள் டெமோ அந்த மீடியம் பீஸ். எல்லாப் படமும் ஒரே அளவு, எல்லாப் பண்டத்துக்கும் இரண்டே வார்த்தைப் பெயர், கடைப் பெயர் ஐந்து எழுத்து. நீங்களே தேர்ந்தெடுத்த சரக்குக்கு நீங்களே தைத்த சட்டை. வாங்குகிறவர் தன் சரக்கைப் போட்டதும் என்ன ஆகும் என்பதைத்தான் மதிப்பிடுகிறவர்கள் பார்க்கிறார்கள்.

என் கதையைக் கேளுங்கள். முதல் உள்ளூர் வாடிக்கையாளர் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி. கடைப் பெயரில் குலதெய்வமும் இருந்தது, தாத்தாவும் இருந்தார், கடைசியில் ‘அண்ட் சன்ஸ்’ வேறு. என் தலைப்புப் பட்டையில் அந்தப் பெயர் மூன்று வரியாக மடிந்து மெனு பட்டன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெட்ஷீட்டை மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்தவை. இரண்டு படத்தில் யாருடைய கட்டைவிரலோ ஓரத்தில் தெரிந்தது. என் டெம்ப்ளேட்டோ அகலப் படங்களுக்குச் செய்தது. ஒவ்வொரு படத்திலும் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் காட்டியது. அவர் போனைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். “ஏனுங்க அம்மணி, பார்டரைக் காணோமே?” என்றார். அந்த பெட்ஷீட்டுக்கு விலையே பார்டர்தான். அதை என் சி.எஸ்.எஸ். கத்தரித்துவிட்டது.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பார்டரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் அடுத்த பத்து நாளைக்குப் புதிதாக ஒரு பக்கமும் எழுதாதீர்கள். இருப்பதற்கு சைஸ் செட் போடுங்கள். கடைப் பெயரை நாற்பது எழுத்துக்கு நீட்டுங்கள், அப்புறம் மூன்று எழுத்தாகக் குறையுங்கள். படங்களில் பாதியை நெட்டுப் படமாக மாற்றுங்கள், இரண்டை அடியோடு எடுத்துவிடுங்கள். மெனுவில் இரண்டே பண்டம் வைத்துப் பாருங்கள், அறுபது வைத்தும் பாருங்கள். விலை இல்லாத பண்டம் ஒன்று இருக்கட்டும், ‘சீசனைப் பொறுத்து’ என்று விலைக்குப் பதில் எழுதியது ஒன்று இருக்கட்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அகலம் 360 பிக்சல் இருக்கும் திரையில் ஏதாவது பக்கவாட்டில் நகர்கிறதா என்று பாருங்கள். உங்களுடையதில் நகர்கிறது, கேலரி பக்கத்தில்.

படங்களை வெப்பி (WebP) என்ற எடை குறைந்த வடிவத்துக்கு மாற்றி, போனுக்குச் சின்னது, கம்ப்யூட்டருக்குப் பெரியது என்று இரண்டு மூன்று அளவில் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதனால்தான் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கிறது. குரோமிலேயே லைட்ஹவுஸ் என்று ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும், குதிப்பின் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது என்பது கூகுள் வைத்திருக்கும் வரம்பு. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போட்டிருக்கிறீர்கள், வெயிலில் நின்று படிக்க முடியவில்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதமாவது வேண்டும். லைட்ஹவுஸ் இதையும் காட்டிக் கொடுத்துவிடும்.

இனி உணவகம் என்ற பொருளைப் பற்றி. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? எல்லோரும் செய்கிறார்கள் என்றுதானே? டெம்ப்ளேட் விற்கும் சந்தைத் தளமான தீம்ஃபாரஸ்ட் 2008-ல் தொடங்கிய காலத்தில், சுமாரான உணவக டெம்ப்ளேட்டுக்குக்கூட ஆள் இருந்தது. இன்று அதே பொருளில் குவிந்து கிடக்கிறது. அதன் தாய்க் கம்பெனியான என்வாட்டோவை 2024-ல் படங்கள் விற்கும் ஷட்டர்ஸ்டாக் கம்பெனி வாங்கிவிட்டது. சந்தா கட்டினால் வேண்டிய மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்ற முறையும் வந்துவிட்டது. போதாததற்கு, நாலு வரி சொன்னால் ஏ.ஐ. ஒரு முகப்புப் பக்கத்தைச் செய்து கொடுத்துவிடுகிறது. பொதுவான அழகுக்கு இனி விலை கிடையாது என்பது என் கருத்து. ஒரு தொழிலின் உள்சிக்கலைத் தீர்த்துவைக்கும் டெம்ப்ளேட்டுக்குத்தான் ஆள் வருவார்கள்.

அந்த உள்சிக்கல் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. பெட்ஷீட், போர்வை விற்கும் கடைக்கு என்ன வேண்டும்? ஒரே டிசைனில் எட்டு நிறம், நான்கு அளவு. சில்லறைக்கு ஒரு விலை, மொத்தத்துக்கு ‘கேட்டுச் சொல்கிறோம்’. பார்டரைப் பெரிதாக்கிப் பார்க்கிற வசதி. முழுத்துணி, பார்டர், கையில் பிடித்த நெசவு என்று ஒரு பொருளுக்கு மூன்று படம் கேட்கிற அமைப்பு. கார்ட், செக்-அவுட் எல்லாம் அப்புறம். பார்த்ததும் அமுக்கினால் அந்த டிசைன் நம்பரோடு வாட்ஸ்அப் திறக்க வேண்டும். நம் ஊர்க் கடைக்காரர்கள் வியாபாரம் செய்கிற விதம் அதுதான். அமெரிக்காவில் உட்கார்ந்து டெம்ப்ளேட் செய்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. திருச்செங்கோட்டில் இருந்திருந்தால் போர்வெல் வண்டிக்காரர்களுக்குச் செய்யுங்கள் என்றிருப்பேன், பொள்ளாச்சியில் இருந்திருந்தால் தேங்காய் மண்டிக்கு.

இன்னொரு இடமும் காலியாகக் கிடக்கிறது. தமிழ். நான் வாங்கிப் பார்த்த வெளிநாட்டு டெம்ப்ளேட்டுகளில் தமிழைப் போட்டால் பெரும்பாலும் சீரழிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேலே உள்ள புள்ளியும் கீழே இறங்கும் சுழியும் ஒன்றையொன்று இடிக்கும். தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே ஸ்டைலுக்காக விட்ட இடைவெளி, தமிழைச் சிதறிய மணி மாதிரி ஆக்கிவிடும். ‘கான்டாக்ட்’ என்ற சொல்லுக்கு அளந்த பட்டனில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ எப்படி அடங்கும்? தமிழும் ஆங்கிலமும் ஒரே டெம்ப்ளேட்டில் ஒழுங்காக நின்றாலே அது ஒரு விற்பனைக் காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் என்ற தமிழ் ஃபாண்டுகளெல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் இருப்பவை. உங்கள் டெம்ப்ளேட்டோடு சேர்த்து விற்கலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: பிரிண்டிங் பிரஸ்ஸில் இருந்து வாங்கித் தரும் தமிழ் மேட்டர் பாதிக்குப் பாதி பாமினி என்ற பழைய ஃபாண்டில் இருக்கும். அப்படியே ஒட்டினால் ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இதை உங்கள் உதவிக் கோப்பிலும் எழுதி வையுங்கள், நிறையப் பேர் கும்பிடுவார்கள்.

லைசென்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. டெமோவில் இருக்கும் பிரியாணிப் படம் எங்கிருந்து எடுத்தது? கூகுளில் தேடி எடுத்தது என்றால் இன்றே தூக்கிவிடுங்கள். நான் மூன்றாவதாகச் செய்த டெம்ப்ளேட்டில் அப்படித்தான் ஒரு படத்தை உள்ளே வைத்துவிட்டேன். வாங்கினவர் அதை மாற்றாமல் அப்படியே தன் தளத்தில் போட்டார். புகைப்படக்காரர் அவருக்கு நோட்டீஸ் விட்டார், அவர் என் கழுத்தைப் பிடித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சந்தைத் தளம் அந்த டெம்ப்ளேட்டையே எடுத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: உள்ளே போகும் ஒவ்வொரு படம், ஐகான், ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது, என்ன லைசென்ஸ் என்று ஒரு நோட்டில் எழுதுவது. பூட்ஸ்ட்ராப், ஜேகுவெரி என்ற ஆயத்தக் கோடிங் தொகுப்புகள் இரண்டும் எம்.ஐ.டி. லைசென்ஸ், காப்புரிமை வரிகளை அழிக்காமல் விட்டால் விற்கலாம். ஃபாண்ட் ஆவ்ஸமின் இலவச ஐகான்களுக்கு உரியவர் பெயரைச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிசைன் தொகுப்புகளை டெம்ப்ளேட்டுக்குள் வைத்து மறுபடி விற்க அநேகமாக விட மாட்டார்கள், விதியைப் படியுங்கள். உங்களுக்கோ படத்துக்குப் பஞ்சமே இல்லை. காலை வெளிச்சத்தில், கேட்டுக்கொண்டு, நான்கு வீட்டுத் தறியையும் துணியையும் போனில் எடுத்தாலே போதும்.

உதவிக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வைத்திருப்பது பதினோரு வரி, அதில் நான்கு ‘நன்றி’. லோகோவை எங்கே மாற்றுவது, நிறத்தை எந்த வரியில் மாற்றுவது, ஒரு பண்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் எதைக் காப்பி செய்வது என்று கோடிங் தெரியாதவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். எழுதியதை உங்கள் தங்கையிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே வாங்குகிறவரும் தடுமாறி உங்களுக்கு மெயில் போடுவார். அந்த மெயில்கள்தான் இந்தத் தொழிலின் மறைமுகக் கூலி. தீம்ஃபாரஸ்ட்டில் சப்போர்ட் உண்டு என்று சொல்லி விற்றால் ஆறு மாதம் பதில் சொல்லியாக வேண்டும். கோடிங்கில் ஏ.ஐ. உதவியை எடுத்துக்கொண்டால் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்குக் கேள்வி வருவது உங்களுக்குத்தான்.

விலை. அந்நியச் சந்தையில் ஒரு எச்.டி.எம்.எல். டெம்ப்ளேட் இருபது டாலரைச் சுற்றித்தான் போகும், அதிலும் தளத்தின் பங்கு போய்த்தான் உங்களுக்கு. புதியவர் ஒருவருக்கு மாதம் இரண்டு விற்றாலே பெரிது. அதனால் உங்கள் கணக்கை வேறு இடத்தில் தொடங்குங்கள். பெட்ஷீட் டெம்ப்ளேட்டைச் செய்துகொண்டு சென்னிமலையில், ஈரோட்டில் மூன்று கடைக்கு நீங்களே வெப்சைட் போட்டுக் கொடுங்கள். கடைக்கு ஏழாயிரம், எட்டாயிரம் கேளுங்கள், இலவசமாக மட்டும் செய்யாதீர்கள். இலவசமாகச் செய்தால் படம் அனுப்பவே ஆறு மாதம் ஆக்குவார்கள். டொமைன் (வெப்சைட் முகவரி) கடைக்காரர் பெயரில் இருக்கட்டும், அவர் காசிலேயே வாங்குங்கள். பிற்பாடு மனஸ்தாபம் வராது. அந்த மூன்று கடையும் உங்களுக்கு சைஸ் செட். மூன்றிலும் உடையாமல் நின்ற டெம்ப்ளேட்டைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். அப்போது டெமோவில் காட்டுவதற்கு நிஜத் தளங்களும் இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளுக்குத் தீம் செய்வதெல்லாம் அதற்கு அடுத்த கட்டம். அதற்கு ஜி.பி.எல். என்ற லைசென்ஸைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பணம் வாங்குவது நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. உள்ளூர்க் கடைக்காரருக்கு யு.பி.ஐ. போதும். வெளிநாட்டிலிருந்து வாங்க பேபாலோ பேயோனியரோ வைத்துக்கொள்ளலாம். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் வரவு செலவுக்கு உதவாது, வெளிநாட்டு வரவுக்கு மட்டும்தான். பான் கார்டில் உள்ள பெயரும் பேங்க் கணக்கில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் பணம் பதினைந்து நாள் சிக்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சேவை விற்பவருக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனாலும் முதல் டாலர் வந்ததும் ஒரு ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருட்டுக் காப்பி வந்துவிடுமோ என்று கேட்காமல் விட்டது நல்லது. வரும். அதற்குப் பின்னால் ஓடாதீர்கள்.

கடைசியாக, வேலைக்குப் போவதா என்பது. போங்கள், தம்பி. தீபாவளிக்குள் டெம்ப்ளேட் விற்ற காசு வீட்டுக்கு மாதச் சம்பளமாக வந்துவிடும் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. கோயமுத்தூரில் பத்துப் பேர் இருக்கும் சின்னக் கம்பெனியாகப் பாருங்கள். பெரிய இடத்தில் ஒரு பட்டனையே ஒரு வருடம் தேய்க்க விடுவார்கள். சின்ன இடத்தில் பம்ப்செட்காரர், நகைக்கடைக்காரர், டென்டல் டாக்டர் என்று வாரத்துக்கு ஒரு தினுசான சரக்கு உங்கள் கையில் வந்து விழும். ஆறு மாதத்தில், எந்தத் தொழில்காரர் எந்த மாதிரிப் படம் அனுப்புவார் என்று திறக்கும் முன்பே சொல்லிவிடுவீர்கள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ஷீட் டெம்ப்ளேட்டைச் செய்யுங்கள். வேலையில் சேரும்போது, வெளியில் சொந்தமாகச் செய்யும் கோடிங் யாருக்குச் சேரும் என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி லேப்டாப்பில் அதைத் திறக்கவே வேண்டாம்.

முடிப்பதற்கு முன், ஒரு அவசர வேலை. உங்கள் டெமோவில் இருக்கும் ‘டேபிள் புக்கிங்’ படிவத்தில் என் பெயரும் நம்பரும் போட்டு, நான்கு பேருக்கு, ஞாயிறு மதியம் என்று அனுப்பினேன். ‘நன்றி, உங்கள் டேபிள் பதிவாகிவிட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. உங்களுக்கு எதுவும் வந்திருக்காது. படிவத்துக்குப் பின்னால் அதை வாங்கி வைக்க ஒன்றுமே இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் சும்மா நன்றி சொல்கிறது. இந்த டெம்ப்ளேட்டை ஒரு ஓட்டல்காரர் வாங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். சைஸ் செட் போடுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். சரிசெய்ததும் மறுபடி அனுப்புகிறேன், வந்ததா என்று பதில் போடுங்கள்.